முறை: லூயி துய்மோன் கண்டதும் காணாததும்

1

அரியலூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கல்லங்குறிச்சி. அங்குள்ள கலியுக வரதராசப் பெருமாளுக்கு முகம் இல்லை, கை இல்லை. ஏறத்தாழ 12 அடி உயரமுள்ள ஒரு கல் கம்பம்தான் மூலவர். கம்பத்தின் அடிப்பகுதியில் அனுமன் உருவம் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. ஊரில் சொல்லும் கதை இது: மங்கான் படையாட்சி என்ற மாட்டுக்காரரின் பசு ஒன்று காணாமல் போகிறது. தேடிப் போனால், புதருக்குள் கிடக்கும் கம்பத்தின்மேல் அது பாலைச் சொரிந்துகொண்டு நிற்கிறது. பிறகு கனவு, பிறகு வழிபாடு. இங்கே வருகிற விவசாயிகள் விளைச்சலில் ஒரு பங்கைப் பணமாக்காமல் தானியமாகவே கொண்டுவந்து காணிக்கை செலுத்துவது வழக்கம்.

இந்தக் கம்பத்தைப் புரிந்துகொள்ள நமக்கு இரண்டு வழிகள் பழக்கமானவை. ஒன்று ஆகமக்காரர் வழி. கம்பத்தைப் பெருமாளின் அருவுருவம் என்று விளக்கிச் சாஸ்திரத்துக்குள் இடம் பண்ணிவிடுவது. மற்றது வரலாற்றுக்காரர் வழி. சங்க இலக்கியத்தில் வரும் கந்து, நடுகல் என்று பின்னோக்கிப் போய், இது ஆதியில் வேறொன்றாக இருந்தது என்று நிரூபிப்பது. இரண்டுமே கம்பத்தைத் தனியாகப் பிடுங்கி எடுத்துப் பார்க்கின்றன. மூன்றாவது வழி ஒன்று உண்டு. கம்பத்தைச் சுற்றி யார் யார் எங்கே நிற்கிறார்கள், யார் என்ன கொடுக்கிறார்கள், இந்தத் தெய்வம் பக்கத்து எல்லையில் இருக்கும் எந்தத் தெய்வத்திலிருந்து வேறுபடுகிறது என்று கேட்பது. ஒரு பொருளின் அர்த்தம் அப்பொருளுக்குள் இல்லை, பிறவற்றோடு அது கொள்ளும் உறவில் இருக்கிறது என்பது இவ்வழியின் அடிப்படை.

தமிழ்நாட்டில் இந்த மூன்றாவது வழியைத் திட்டமாகக் கையாண்டவர் லூயி துய்மோன் என்ற பிரெஞ்சுக்காரர். 1980களில் அமைப்பியல் நம் சிறுபத்திரிகைகளுக்குள் வந்தபோது லெவி-ஸ்ட்ராஸின் பெயர் வந்தது. பிரேசில் காட்டு இந்தியர்களின் புராணங்களைப் பற்றிக்கூட நாம் பேசினோம். ஆனால் தமிழ் படித்து, மதுரைக்கு மேற்கே கிராமத்தில் தங்கி, நம்முடைய மாமன் மச்சான் உறவிலிருந்தே தன் சிந்தனையைக் கட்டியெழுப்பிய துய்மோனை அந்த அளவுக்குப் பேசவில்லை. இது வெறும் மறதி என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் பேசியது நம் வீட்டு விஷயம். வீட்டு விஷயத்தைக் கோட்பாடாகப் பார்ப்பது சங்கடமானது.

2

துய்மோன் 1911இல், அப்போது ஒட்டோமான் பேரரசின் துறைமுகமாக இருந்த சலோனிகாவில் பிறந்தார். தந்தை பொறியாளர். மகன் படிப்பை இடையில் விட்டவர். சில்லறை வேலைகள் பார்த்துவிட்டு, 1930களின் நடுவில் பாரிஸில் மக்கள் கலைகள், மரபுகளுக்கான அருங்காட்சியகத்தில் சாதாரண ஊழியராகச் சேர்ந்தார். அங்கிருந்துதான் மார்செல் மோஸின் வகுப்புகளுக்குப் போனார். 1925இல் வெளியான ‘கொடை’ பற்றிய கட்டுரையால் மோஸ் புகழ்பெற்றவர். கொடுப்பது, வாங்குவது, திருப்பிக் கொடுப்பது என்ற மூன்று கட்டாயங்களால் சமூகம் பின்னப்பட்டிருக்கிறது என்பது அவர் சொன்னது. பிரெஞ்சுச் சமூகவியலின் மூலவரான எமில் துர்கைம் இந்த மோஸுக்குத் தாய்மாமன். அந்தச் சாத்திரமே ஒரு தாய்மாமன் சீராக மருமகனுக்கு வந்தது என்று தமிழன் ஒருவன் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டாம் உலகப்போரில் துய்மோன் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். ஹாம்பர்க் பக்கத்தில் கைதியாக இருந்தபடியே, சமண இலக்கிய அறிஞரான வால்தர் ஷூப்ரிங்கிடம் சமஸ்கிருதம் கற்றார். எதிரி நாட்டுக் கைதிக்கு ஒரு ஜெர்மானியப் பேராசிரியர் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்த காட்சியில் அந்த நூற்றாண்டின் விசித்திரம் முழுக்க இருக்கிறது. 1945இல் விடுதலையாகி, தென்பிரான்சின் தராஸ்கோன் நகரில் தராஸ்க் என்ற நாகப்பூதத்தைத் தெருவில் இழுத்துச் செல்லும் திருவிழாவை ஆராய்ந்தார். அந்நூல் 1951இல் வெளியாயிற்று. தன் நாட்டுத் தேர்த்திருவிழா ஒன்றைப் பார்க்கப் பழகிய கண்ணோடுதான் அவர் தமிழ்நாட்டுக்கு வந்தார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1949, 1950 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அவர் தமிழ்நாட்டில் இருந்தார். இதில் சுமார் எட்டு மாதம் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்களிடையே கழிந்தது. 1951 முதல் 1955 வரை ஆக்ஸ்போர்டில் ஆசிரியர், பிறகு பாரிஸ். 1957இல் பிரமலைக் கள்ளர்களின் சமூக அமைப்பையும் சமயத்தையும் பற்றிய பெருநூல் பிரெஞ்சில் வெளிவந்தது. அதன் ஆங்கில ஆக்கம் வெளிவர 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 1957இல் டேவிட் போகாக்கோடு சேர்ந்து இந்தியச் சமூகவியலுக்கென ஒரு இதழைத் தொடங்கினார். 1966இல் ‘ஹோமோ ஹைரார்க்கிகஸ்’ வந்தது. சாதியைப் பற்றி எழுதும் எவரும் ஏற்கவோ எதிர்க்கவோ செய்தாக வேண்டிய நூலாக அது நின்றுவிட்டது. பிறகு அவர் இந்தியாவை விட்டு ஐரோப்பாவின் பக்கம் திரும்பினார். சமத்துவம், தனிமனிதவாதம் ஆகியவற்றின் பிறப்பை 1977, 1983, 1991 ஆகிய ஆண்டுகளில் வெளியான நூல்களில் ஆராய்ந்தார். 1998இல் பாரிஸில் இறந்தார்.

3

அவருடைய ஆகச்சிறந்த காரியம் என்று நான் கருதுவது சாதி பற்றிய நூலை அல்ல; 1953இல் உறவுமுறைச் சொற்களைப் பற்றி எழுதிய ஒரு சிறு கட்டுரையை.

அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இலேயே தமிழ் உறவுச் சொற்களைப் பட்டியலிட்டிருந்தார். இங்கிருந்த அமெரிக்க மிஷனரிகள் அவற்றை அவருக்குச் சேகரித்துக் கொடுத்தார்கள். நியூயார்க் பக்கத்துச் செவ்விந்தியர்களின் சொற்களோடு அவை ஒத்துப்போவது கண்டு அவர் வியந்தார். வியப்பின் காரணம் எளிது. அப்பாவின் சகோதரனும் அம்மாவின் சகோதரனும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். தமிழில் முன்னவர் பெரியப்பாவோ சித்தப்பாவோ, அதாவது ஒருவகை அப்பா. பின்னவர் மாமன். அத்தையின் கணவரும் மாமன், மாமனாரும் மாமன். பின்வந்தவர்கள் இதை விளக்க, மாமன் மகளைக் கட்டும் வழக்கம் இருப்பதால் தாய்மாமனும் மாமனாரும் ஒருவராகிறார்கள், ஆகவே சொல்லும் ஒன்றாயிற்று என்றார்கள். மணத்தை ரத்த உறவின் ஒரு விளைவாகவே இந்த விளக்கம் பார்க்கிறது.

துய்மோன் சொல்லின் உள்ளே நுழைந்தார். மாமன் எனக்கு யார்? அம்மாவின் உடன்பிறந்தவர் என்பது ஐரோப்பியக் காது கேட்கிற பதில். அவர் என் அப்பாவுக்கு யார் என்று கேட்டால் வேறு பதில் வருகிறது: மச்சான். அப்பாவின் மச்சான் எனக்கு மாமன். என் மச்சான் என் மகனுக்கு மாமன். நிலமும் கடனும் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்குவதைப்போலச் சம்பந்தமும் இறங்குகிறது. ஆக இங்கே உலகம் ரத்த உறவு, ரத்தமில்லா உறவு என்று பிரிந்திருக்கவில்லை. பங்காளி ஒரு பக்கம், மாமன் மச்சான் மறுபக்கம் என்று பிரிந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே கனம், ஒரே ஆயுள். கல்யாணம் இந்த உறவைத் தோற்றுவிப்பதில்லை. இருக்கிற உறவைப் புதுப்பிக்கிறது.

இதைப் படிக்கும் தமிழனுக்கு, நான் காலமெல்லாம் பேசிய மொழிக்கு இப்படியொரு இலக்கணமா என்ற திடுக்கிடல் ஏற்படும். ‘முறை’ என்ற சொல்லை நாம் எத்தனை விதமாகப் புழங்குகிறோம்! ‘எனக்கு என்ன முறை வேணும்?’ என்கிறோம். முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்கிறோம். காதுகுத்துக்கும் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் எடுத்துப்போவதை மதுரைப் பக்கத்தில் ‘செய்முறை’ என்றே சொல்கிறார்கள். மொய் நோட்டில் எழுதி வைத்து, அடுத்த விசேஷத்துக்குத் திருப்புகிறார்கள். பிறப்பிலிருந்து சாவு வரை மாமன் வீட்டிலிருந்து வரும் சீர்வரிசையைத் துய்மோன் ஒரே தொடராகக் கோத்துக் காட்டினார். துண்டு துண்டான சடங்குகள் என்று நாம் நினைத்தவை ஒரே உறவின் தவணைகள் என்று தெரியவந்தது. மோஸ் பசிபிக் தீவுகளைப் பற்றிய நூல்களில் படித்ததை அவர் மாணவர் உசிலம்பட்டிப் பக்கத்தில் நேரில் பார்த்தார்.

கொண்டையங்கோட்டை மறவர்களின் தாய்வழிக் கிளைகளையும், நாங்குடி வேளாளர்களின் தாய்வழி முறையையும் அவர் இதோடு ஒப்பிட்டார். வழக்கங்கள் சாதிக்குச் சாதி மாறுகின்றன. சில இடங்களில் எதிரெதிராகவே இருக்கின்றன. ஆனால் சம்பந்தம் தலைமுறை தாண்டி நிலைக்க வேண்டும் என்ற தர்க்கம் எல்லாவற்றிலும் ஒன்றே. அமைப்பியலின் பேராசைகளுக்கு நடுவில் உருப்படியாக நின்ற கண்டுபிடிப்புகளில் இது ஒன்று.

4

அதே 1953இல் அவர் ஐயனாரைப் பற்றியும் எழுதினார். ஐயனார் தனித்து இருப்பதில்லை. கூடவே கருப்பன் இருக்கிறான். ஐயனார் சைவம், கருப்பனுக்குக் கிடா வேண்டும். கிடா வெட்டும்போது ஐயனார் சந்நிதியில் திரை போட்டுவிடுவார்கள். நாம் இதைப் பழக்கம் என்று விட்டுவிடுவோம். அல்லது மேலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஆசாரம் என்போம். துய்மோன் அந்தத் திரையைத்தான் பிடித்துக்கொண்டார். கறி தின்னும் தெய்வம் பக்கத்தில் இல்லாவிட்டால் சைவத் தெய்வத்தின் உயர்வுக்கு அர்த்தமே இல்லை. உயர்ந்ததும் தாழ்ந்ததும் ஒரே கோயிலுக்குள், ஒன்றுக்கொன்று தேவையாக இருக்கின்றன. தெய்வங்களின் இந்த உறவு மனிதர்களுக்குள் உள்ள சாதி உறவின் பிரதி.

‘ஹோமோ ஹைரார்க்கிகஸ்’ இந்தத் திரையிலிருந்து விரிந்தது என்றால் மிகையில்லை. சாதிக்கு மூன்று இலக்கணங்களை 1908இல் பூக்லே என்ற பிரெஞ்சு அறிஞர் சொல்லியிருந்தார்: படிநிலை, பிரிவினை, ஒருவரையொருவர் சார்ந்த தொழில் பகிர்வு. இம்மூன்றும் ஒரே எதிர்நிலையிலிருந்து பிறக்கின்றன என்றார் துய்மோன். அது தூய்மை, தீட்டு என்ற எதிர்நிலை. இதன் உச்சியில் பார்ப்பனர். அரசன் அவருக்குக் கீழே. அந்தஸ்து ஒரு தளம், அதிகாரம் இன்னொரு தளம். அந்தஸ்து அதிகாரத்தைத் தனக்குள் அடக்கிக்கொள்கிறது. படிநிலை என்றால் ஏணிப்படி என்று நினைக்கக் கூடாது, முழுமை தனக்கு எதிரானதையும் தன்னுள் அடக்கிக்கொள்ளும் ஏற்பாடு அது என்று பின்னால் அவர் விளக்கினார்.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு ஒரு தமிழ்ச் சொல் போதும்: ஊர். ‘நீங்கள் எந்த ஊர்?’ என்று கேட்டால் சேரியில் இருப்பவரும் கிராமத்தின் பெயரைத்தான் சொல்வார். அங்கே ஊர் என்பது முழுக் கிராமம். சேரி அதற்குள் அடக்கம். அடுத்த நிமிஷமே ‘ஊருக்குள்ளே போயிருக்கிறார்’ என்றால் ஊர் என்பது சேரி அல்லாத பகுதி. ஒரே சொல் முழுமையையும் குறிக்கிறது, முழுமையின் ஒரு பாதியையும் குறிக்கிறது. மறுபாதிக்கு அந்த வசதி இல்லை. சேரி என்ற சொல் ஒருநாளும் முழுக் கிராமத்தைக் குறிக்காது. துய்மோனின் படிநிலைக் கோட்பாடு முழுவதும் இந்த ஒரு சொல்லின் இரட்டை நடத்தையில் இருக்கிறது.

ஆனால் இங்கேதான் நாம் அவரோடு பிரிய வேண்டியும் இருக்கிறது. ஊர் என்ற சொல் இப்படி நடந்துகொள்கிறது என்று காட்டுவது ஒன்று. அப்படி நடந்துகொள்ள வைத்தது எது என்று கேட்பது வேறொன்று.

5

துய்மோன் மதுரைக்கு மேற்கே போய்ச் சேர்ந்தபோது, அம்மக்கள்மேல் குற்றப்பரம்பரைச் சட்டம் நீக்கப்பட்டு இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. சென்னை மாகாணத்தில் அது 1947இல் ரத்தாயிற்று. அதுவரை ஆண்கள் கைரேகை பதிந்து, இரவில் காவல்நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. வேறு ஊர் போகச் சீட்டு வாங்க வேண்டும். மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அந்தப் பதிவை எதிர்த்தவர்கள்மேல் போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. துய்மோன் நூலில் இந்தப் பின்னணி அறவே இல்லை என்று சொல்வது அநியாயம். ஆனால் அது ஒரு வரலாற்றுக் குறிப்பாக ஓரத்தில் நிற்கிறது. அமைப்பின் உறுப்பாக ஆகவில்லை. எட்டு நாடு, இருபத்துநாலு உபகிராமம் என்று அச்சமூகம் தன்னைத்தானே எண்ணிக்கொண்ட கணக்கு அவர் நூலில் துல்லியமாக இருக்கிறது. அரசு அவர்களை எண்ணிய கணக்குக்கு அந்த இடம் இல்லை.

இது தற்செயலான விடுபடல் அல்ல. அதிகாரத்தை அந்தஸ்துக்குக் கீழே, இரண்டாம் தளத்தில் வைத்த மாத்திரத்தில் நிலம், கூலி, அடி, துப்பாக்கி எல்லாமே மிச்சம் மீதியாகிவிடுகின்றன. அவர் நூல் வெளியான 1957 செப்டம்பரில்தான் முதுகுளத்தூர்க் கலவரம் நடந்தது. இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டார். ‘ஹோமோ ஹைரார்க்கிகஸ்’ வந்து இரண்டாம் ஆண்டு, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கேட்டது கூலி உயர்வு. அந்தத் தீயைத் தூய்மை, தீட்டு என்ற எதிர்நிலையால் எப்படி விளக்குவது?

இந்தக் கேள்வியை எழுப்பியவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்தே எழுப்பினார்கள். செங்கல்பட்டுப் பக்கத்தில் வேலை செய்த ஜோன் மென்சர் 1974இல், சாதியைக் கீழிருந்து பார்த்தால் அது மிகத் திறமையான சுரண்டல் ஏற்பாடாகவே தெரிகிறது என்று எழுதினார். அதே மாவட்டத்தில் ஆராய்ந்த மைக்கேல் மொஃபாட் 1979இல் நேர்மாறாகச் சொன்னார்: தீண்டப்படாதோரும் தங்களுக்குள் அதே படிநிலையைத் திருப்பிச் செய்கிறார்கள், ஆகவே அவர்கள் அதை ஒப்புக்கொண்டவர்கள். புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் வரலாற்றை எழுதிய நிக்கலஸ் டர்க்ஸ் 1987இல், மையத்தில் இருந்தவன் அரசன், சாதி என்பது அவன் கொடுத்த மானியங்களாலும் மரியாதைகளாலும் ஆன அரசியல், வெள்ளையராட்சி அந்தக் கிரீடத்தைக் கூடாக்கிய பிறகே சாதி வெறும் சமய விஷயமாகத் தோன்ற ஆரம்பித்தது என்றார். துய்மோன் பார்த்ததும் கள்ளர்களை, டர்க்ஸ் பார்த்ததும் கள்ளர்களை. மதுரைக்கு மேற்கே தீட்டு தெரிந்தது, புதுக்கோட்டையில் கிரீடம் தெரிந்தது.

மொஃபாட் சொன்ன ஒப்புதலை நான் நம்பவில்லை. ஒருவன் தனக்குக் கீழே இன்னொருவனை வைப்பது, தனக்கு மேலே இருப்பவனை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி ஆகாது. நம்மிடம் பழமொழி ஒன்று இருக்கிறது: ‘பார்ப்பானுக்கு மூப்பு பறையன், கேட்பாரற்றுக் கீழ்ச்சாதியானான்.’ இதில் தீட்டைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. மூப்பு இருந்தது, கேட்பார் இல்லாமல் போயிற்று என்கிறது. இது அந்தஸ்து அதிகாரத்தை அடக்கியதாகச் சொல்லும் கோட்பாட்டுக்கு நேர் எதிரான ஒரு கோட்பாடு. அதையும் சுருக்கமாக, வலுவாகச் சொல்கிறது. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசர், ஒடுக்கப்பட்டவர்கள் பூர்வ பௌத்தர்கள், தோற்கடிக்கப்பட்டதால் தாழ்த்தப்பட்டவர்கள் என்று எழுதிய வரலாற்றுக்குள்ளும் இதே தர்க்கம் ஓடுகிறது. அந்த வரலாறு ஆதாரத்தில் நிற்குமா என்பது தனி விவாதம். அமைப்பின் அடியில் இருப்பவனுக்கு அமைப்பைப் பற்றி வேறொரு கோட்பாடு இருந்தது என்பதே இங்கு முக்கியம். தெய்வங்களின் உறவை அவ்வளவு நுட்பமாகக் கேட்ட துய்மோன் இந்தக் குரலுக்குத் தன் கோட்பாட்டில் இடம் வைக்கவில்லை.

6

ஆனால் குறையை இதோடு நிறுத்துவது சுலபமான காரியம். மென்சரும் டர்க்ஸும் சொன்னதைத் திருப்பிச் சொல்ல நான் தேவையில்லை. எனக்குப் படுகிற குறை இன்னும் வீட்டுக்குள் இருக்கிறது.

துய்மோன் உறவுமுறையைப் பற்றி எழுதியதும் சாதியைப் பற்றி எழுதியதும் இரண்டு வேறு காரியங்களாகவே வாசிக்கப்படுகின்றன. முன்னதில் சமநிலை இருக்கிறது. பங்காளியும் மச்சானும் தராசின் இரண்டு தட்டுகள். பின்னதில் ஏற்றத்தாழ்வு. ஒரு மனிதர் சமத்துவத்தின் இலக்கணத்தையும் ஏற்றத்தாழ்வின் இலக்கணத்தையும் தனித்தனியே கண்டுபிடித்தது போலிருக்கிறது. ஆனால் கிராமத்தில் இவை இரண்டல்ல. மாமன் மச்சான் என்ற அந்த இனிய வட்டம் ஒரு சுவருக்குள்ளேதான் சுற்றுகிறது. அம்பேத்கர் 1916இலேயே, தன் 25ஆம் வயதில், நியூயார்க்கில் வாசித்த கட்டுரையில் இதைச் சொல்லிவிட்டார்: அகமணம்தான் சாதியின் சாரம், மற்றதெல்லாம் அதன் பின்விளைவு. சம்பந்தம் தலைமுறை தலைமுறையாக இறங்க வேண்டுமென்றால் அது வெளியே சிந்தாமல் இருக்க வேண்டும். முறைப்பெண்ணின்மேல் மாமன் மகனுக்கு உள்ள உரிமையும், முறைக்கு வெளியே போனவளைத் தேடிப் போகும் அரிவாளும் ஒரே வீட்டுப் பரணிலிருந்து எடுக்கப்பட்டவை.

கூப்பிடும் வழக்கத்தைப் பார்த்தாலே தெரியும். கிராமத்தில் ஊர்ப் பக்கம் இருக்கும் சாதிகள் தங்களுக்குள் பெண் கொடுப்பதில்லை. ஆனாலும் அண்ணன், மாமா, மாப்பிள்ளை என்று முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்வார்கள். மணமில்லாவிட்டாலும் மணத்தின் மொழி அங்கே கடனாகக் கிடைக்கிறது. சேரிக்கு அந்தக் கடனும் இல்லை. ஊர்ப் பையன் சேரிக் கிழவரைப் பெயர் சொல்லி, ‘வாடா’ என்று அழைத்த காலம் வெகுதூரத்தில் இல்லை. கிழவர் திருப்பிச் சொன்னது ‘சாமி’ அல்லது ‘ஆண்டே’. தமிழ் உறவுச் சொற்களின் முழுப் பட்டியல் வேண்டுமென்றால் இந்த ‘வாடா’வையும் ‘ஆண்டே’யையும் சேர்த்தே எழுத வேண்டும். மார்கனின் பட்டியலில் அவை இல்லாதது ஆச்சரியமில்லை. மிஷனரிகள் கேட்ட கேள்வி அப்படி. துய்மோனிடமும் அவை உறவுமுறையின் பகுதியாக வரவில்லை என்பதுதான் நஷ்டம். உறவுகளின் மொத்தமே அர்த்தம் என்று நமக்குக் கற்பித்தவர், முறை என்ற சொல்லின் உட்பக்கத்தைப் படித்துவிட்டு வெளிப்பக்கத்தைத் தனி நூலுக்கு ஒதுக்கிவிட்டார்.

வெளியே நிற்பவர்களில் ஒருவனை மட்டும் அவர் நன்றாகப் பார்த்தார். அவன் துறவி. 1958இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில், சாதிச் சமூகத்தில் தனிமனிதன் என்று ஒருவன் உண்டென்றால் அவன் உலகத்தை விட்டு வெளியேறியவனே என்றார். இந்திய மதங்களில் புதியதெல்லாம் அவனிடமிருந்துதான் வந்தது என்பது அவர் துணிபு. சித்தர்களையும், 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கிய வள்ளலாரையும் நினைத்தால் இதில் உண்மை இருப்பது தெரிகிறது. ஆனால் தானாக வெளியேறியவன் இருக்கும் அதே வெளியில் தள்ளப்பட்டவனும் இருக்கிறான். இந்த இரண்டாமவனுக்கும் சமத்துவத்தைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்று இருந்தது. துறவி முறையை விட்டார்; தள்ளப்பட்டவன் முறையைக் கேள்வி கேட்டான்.

7

அப்படியானால் துய்மோனை இன்றைக்கு ஏன் படிக்க வேண்டும்? அவரைத் தூக்கியெறிபவர்கள் கவனிக்காமல் விட்ட ஓர் எச்சரிக்கை அவரிடம் இருக்கிறது.

ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்துகிறவர் என்று அவரைக் குற்றம் சாட்டினார்கள். அவர் கேட்டது வேறு. சமத்துவத்தைக் கொள்கையாக ஏற்ற சமூகத்தில் பழைய படிநிலை உணர்வு எங்கே போகும்? 1960இல் எழுதிய ஒரு கட்டுரையில் அதற்கு அவர் சொன்ன பதில் கசப்பானது. அது சாவதில்லை, உருமாறி இனவெறியாகத் திரும்பி வருகிறது. அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த பிறகே நிறவெறி கெட்டியாயிற்று என்று அவர் காட்டினார். இந்தியாவைப் பற்றியும் இதே திசையில் சொன்னார். சாதிகள் ஒன்றையொன்று சார்ந்த அமைப்பு உடைகிறது. ஆனால் ஒவ்வொரு சாதியும் தனித்தனிக் கட்டியாக, ஒன்றோடொன்று போட்டியிடும் கூட்டமாக இறுகுகிறது. இதை எழுதியது 1966இல். சாதிக்கொரு சங்கம், கொடி, குருபூஜை என்று நாம் பார்த்திருக்கும் தமிழ்நாட்டில் இதை மறுப்பது கடினம்.

சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் 1967இல் வந்தது. அது புரோகிதரை மணமேடையிலிருந்து இறக்கியது. உலகில் வேறெங்கும் அதிகம் நடந்திராத காரியம். அதன் பெருமையைக் குறைக்க முடியாது. ஆனால் புரோகிதர் போன மேடையில் முறை உட்கார்ந்துகொண்டது. பார்ப்பனர் உச்சியில் இருப்பதால்தான் சாதி நிற்கிறது என்று துய்மோன் நினைத்தார். நம்மில் பலரும் எதிர்ப்பக்கத்திலிருந்து அதையே நினைத்தோம். உச்சியை இறக்கினால் மற்றது தானே சரியும் என்று. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியில் ஒரு கலப்பு மணத்தைக் காரணம் காட்டி வீடுகளைக் கொளுத்தியபோது அங்கே உச்சியில் யாரும் இல்லை. அடுத்தடுத்து வாழ்ந்தவர்களுக்கு நடுவில் இருந்த சுவர்தான் எரிந்தவர்களையும் எரித்தவர்களையும் பிரித்தது. அந்தச் சுவரின் உட்பக்கத்தைத் துய்மோனைப்போல நுட்பமாக வாசித்தவர் வேறொருவரில்லை. வெளிப்பக்கத்தை அம்பேத்கர் வாசித்தார். இரண்டையும் சேர்த்து வாசிக்கும் வேலை தமிழில் சிந்திப்பவர்களுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

கல்லங்குறிச்சிக் கம்பத்திடம் திரும்பி வருகிறேன். கதையில் பெருமாள் முதலில் வெளிப்பட்டது மாட்டைத் தேடிப்போன ஒரு குடியானவரிடம். தூய்மையின் உச்சியிலிருந்து இறங்கி வராத ஒரு பெருமாளைத் துய்மோனின் சூத்திரத்தில் வைப்பது எளிதல்ல. அதே நேரத்தில், சென்னை மாகாணக் கோயில்களைச் சட்டம் எல்லோருக்கும் திறந்தது 1947இல்தான், ரேகைச் சட்டம் போன அதே வருஷத்தில்தான் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். அவ்வாண்டுக்கு முன்பு விளைந்த தானியமும் எல்லோர் கையாலும் விளைந்ததே. களத்தில் சேர்ந்த பிறகு எது யார் வீட்டுத் தானியம் என்று சொல்ல முடியாது. காணிக்கை கொட்டிவிட்டுத் திரும்புகிறவர்கள், ஊர் எல்லைக்கு வந்ததும், எந்தத் தெருவுக்குப் பிரிகிறார்கள் என்று பார்த்தால் சொல்லிவிடலாம்.